ஒரு பெட்டி வெள்ளைக் கற்கள்: பெயர் கண்டறிந்த முறை

கல் சேர்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டிருந்த ஒருவர் அதைக் கைவிட்டபோது என்னிடம் ஒப்படைத்த பெட்டியில், வெள்ளையும் நிறமற்றவையுமான கற்கள் மட்டுமே ஒரு தட்டை நிறைத்திருந்தன. எதனுடனும் பெயர்ச்சீட்டு இல்லை. பச்சையோ நீலமோ ஆன கல்லென்றால் படங்களோடு ஒப்பிட்டு ஓர் ஊகத்திற்கேனும் வந்துவிடலாம். வெள்ளைக் கல்லுக்கு அந்த வழி பயன்படாது. குவார்ட்ஸ், கால்சைட், டோலமைட், ஃபெல்ஸ்பார், ஜிப்சம், பாரைட், ஃபுளோரைட் ஆகிய அனைத்தும் தூய நிலையில் நிறமற்றவையாகவோ வெண்மையாகவோதான் இருக்கின்றன. அதனாலேயே அந்தத் தட்டை முதலில் எடுத்துக்கொண்டேன். நிறத்தை நம்பாமல் கனிமத்தை அடையாளம் காணப் பழகுவதற்கு அதைவிட நல்ல பயிற்சி அமையாது என்று எனக்குத் தோன்றியது.

கருவிகள் எல்லாம் எளியவை: 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், 0.1 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு, தையல் நூல், கண்ணாடிக் குவளை, செப்புத் துண்டு, எஃகு ஆணி, சிறிய கண்ணாடித் தகடு, கோணமானி, வினிகர், 365 நானோமீட்டர் புறஊதா டார்ச் விளக்கு. கல்லுக்கு எந்தச் சேதமும் விளைவிக்காத சோதனைகளை முதலிலும், கீறலோ கறையோ விழக்கூடியவற்றைப் பின்னாலும் செய்வது என்று தொடக்கத்திலேயே வரிசைப்படுத்திக்கொண்டேன்.

கற்களைக் கழுவுவதில் அவசரம் கூடாது. முதலில் உலர்ந்த மென்தூரிகையால் மண்ணைத் தட்டி அகற்றினேன். இந்துப்பாகிய ஹேலைட் தண்ணீரில் கரைந்துவிடும். ஜிப்சமும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 2 கிராம் அளவுக்குக் கரையக்கூடியது என்பதால், மெல்லிய படிகமாக இருந்தால் நெடுநேரம் ஊறவைக்கையில் அதன் மேற்பரப்பு மங்கிப்போகும். ஆகவே ஒவ்வொரு கல்லின் மறைவான மூலையிலும் ஒரு சொட்டு நீரை வைத்துப் பார்த்து, வழுவழுப்பாகவோ பிசுபிசுப்பாகவோ மாறாதவற்றை மட்டும் சிறிது நேரம் கழுவித் துடைத்தேன். சில கற்களின் மேல் இரும்புக் கறை பழுப்பாகப் படிந்திருந்தது. அதை நீக்க ஆக்ஸாலிக் அமிலம் பயன்படுத்துவது வழக்கம்தான்; ஆனால் அது நச்சுத்தன்மை உடையது என்பது ஒருபுறமிருக்க, குவார்ட்ஸுக்குத் தீங்கு செய்யாத அதே அமிலம் கால்சைட்டின் மேற்பரப்பை அரித்துவிடும். பெயர் தெரியும்வரை அமிலம் பக்கமே போகவேண்டியதில்லை.

அடுத்தது லென்ஸால் பார்ப்பது. லென்ஸைக் கண்ணருகே நிலையாகப் பிடித்துக்கொண்டு, கல்லைத்தான் அதை நோக்கிக் கொண்டுவர வேண்டும். விளக்கு பக்கவாட்டிலிருந்து வீச வேண்டும். அந்நிலையில் கல்லை மெல்லத் திருப்பும்போது, உடைந்த பரப்பிலுள்ள சின்னஞ்சிறு படிகள் எல்லாம் ஒரே கணத்தில் சேர்ந்து மின்னினால், அந்தத் திசையில் அணுக்களின் பிணைப்பு நலிந்திருக்கிறது, கனிமம் அத்தளத்தில் பிளவுபடுகிறது என்று பொருள். எங்குமே அப்படி மின்னாமல், சிப்பியின் உட்புறம் போன்ற வளைவுகளோடு முறிந்திருந்தால் அது குவார்ட்ஸாக இருக்க வாய்ப்பு மிகுதி. ஏனெனில் குவார்ட்ஸுக்குச் சொல்லும்படியான பிளவுத்தளம் கிடையாது. இந்த ஒரு வேறுபாட்டைக் கொண்டே தட்டிலிருந்த கற்களை இரு குவியலாகப் பிரிக்க முடிந்தது.

பிளவுடைய குவியலில் எத்தனை திசைகளில் பிளவு, அவற்றுக்கு இடையே என்ன கோணம் என்பதே கேள்வி. கோணமானியின் நடுப்புள்ளியில் ஓர் அட்டைப் பட்டையைக் குண்டூசியால் பொருத்தி, இரு முகங்களிலும் அழுந்தும்படி வைத்துக் கோணத்தை அளக்கும் எளிய கருவி ஒன்றைச் செய்துகொண்டேன். கால்சைட் மூன்று திசைகளில் பிளந்து சாய்ந்த பெட்டி வடிவம் பெறும். அதன் முகங்களுக்கு இடையிலான கோணம் ஒரு பக்கம் ஏறத்தாழ 105 பாகை, மறுபக்கம் 75 பாகை. ஹேலைட்டும் மூன்று திசைகளில்தான் பிளக்கும். ஆனால் எல்லாக் கோணங்களும் செங்கோணம். ஃபெல்ஸ்பாருக்கு நல்ல பிளவு இரு திசைகளில், ஏறக்குறையச் செங்கோணத்தில் அமையும். ஃபுளோரைட்டோ நான்கு திசைகளில் பிளந்து, உடைந்த மூலைகளில் முக்கோண முகங்களைக் காட்டும். ஜிப்சம் ஒரு திசையில் மட்டும் மிகச் செம்மையாகத் தகடாகப் பிளக்கும். அளவை ஒன்றிரண்டு பாகை பிசகினாலும் இவற்றைப் பிரித்தறிவதற்குத் தடையில்லை.

பிளவு முகத்தையும் படிகமாக வளர்ந்த முகத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இந்தத் தட்டில் இருந்த ஆறுபட்டைப் படிகங்களின் பக்கங்கள் பிளந்தவை அல்ல, வளர்ந்தவை; அவற்றின் குறுக்கே நுண்ணிய கோடுகள் ஓடுவதை லென்ஸ் காட்டியது. குவார்ட்ஸின் பட்டை முகங்களில் அந்தக் குறுக்குக் கோடுகள் இயல்பானவை. படிகம் நெட்டையோ குட்டையோ, ஒரு பக்கம் அகன்றோ குறுகியோ இருந்தாலும், அடுத்தடுத்த பட்டைகளுக்கு இடையிலான கோணம் 120 பாகையாகவே நின்றது. ஒரு கனிமத்தின் ஒத்த முகங்களுக்கு இடையிலான கோணம் மாறுவதில்லை என்ற இந்த உண்மையை டென்மார்க்கைச் சேர்ந்த நிக்கோலஸ் ஸ்டெனோ 1669-இல் குவார்ட்ஸ் படிகங்களைக் கொண்டே எடுத்துரைத்தார். அட்டையும் குண்டூசியும் கொண்டு அதையே மீண்டும் சரிபார்க்க முடிவது இந்தப் பொழுதுபோக்கில் எனக்குப் பிடித்த அம்சங்களுள் ஒன்று.

இனி, நான் மிகுந்த நேரம் செலவிட்ட சோதனையான ஒப்படர்த்திக்கு வருகிறேன். ஒரு பொருள் அதே கொள்ளளவுள்ள நீரைப்போல் எத்தனை மடங்கு கனமானது என்பதே ஒப்படர்த்தி. தொடக்கநிலை வழிகாட்டிகள் பலவும் கீறிப்பார்க்கும் கடினத்தன்மைச் சோதனையையே முதலில் சொல்கின்றன. என் கருத்தில் ஒப்படர்த்திதான் முன்னால் நிற்க வேண்டும். கல்லுக்கு அது சிறிதும் தீங்கு செய்வதில்லை. அதோடு, பார்ப்பவரின் கண்ணையும் கையழுத்தத்தையும் சாராத ஓர் எண்ணையும் தருகிறது.

முறை இதுதான். உலர்ந்த கல்லைத் தராசில் நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு, பாதிக்கு மேல் தண்ணீர் நிரப்பிய குவளையைத் தராசின் மேல் வைத்து, காட்டும் அளவைப் பூஜ்யமாக்க வேண்டும். கல்லை மெல்லிய நூலில் கட்டி, குவளையின் அடியையோ பக்கத்தையோ தொடாதபடி நீருக்குள் முழுவதும் அமிழ்த்தித் தொங்கவிட்டால், தராசு ஓர் எண்ணைக் காட்டும். அது கல்லின் எடை அன்று. கல் ஒதுக்கித்தள்ளிய நீரின் எடை. நீர் கல்லை மேல்நோக்கித் தாங்குகிறது, அதே அளவு விசையோடு கல் நீரைக் கீழ்நோக்கி அழுத்துகிறது, எஞ்சிய எடையை நூல் சுமக்கிறது. ஆர்க்கிமிடீஸ் தத்துவத்துக்கு மேல் இதில் வேறொன்றும் இல்லை. ஒரு கன சென்டிமீட்டர் நீரின் எடை கிட்டத்தட்ட ஒரு கிராம் என்பதால், முதல் எடையை இரண்டாவது எண்ணால் வகுத்தால் ஒப்படர்த்தி கிடைத்துவிடும். நூலைக் கையில் பிடித்தால் நடுக்கம் எண்ணை அலைக்கழிக்கும். இருபுறமும் புத்தகங்களை அடுக்கி, அவற்றின் மேல் ஒரு குச்சியைக் குறுக்கே வைத்து, அதிலிருந்து நூலைத் தொங்கவிட்ட பிறகே எண் நிலைத்தது.

சிப்பி முறிவு காட்டிய பால்வெள்ளைக் கல் ஒன்று உலர்நிலையில் 86.4 கிராம், ஒதுக்கிய நீர் 32.6 கிராம், வகுத்தால் 2.65. குவார்ட்ஸுக்குரிய எண் மிகச் சரியாக அதுவே. (பால்வெள்ளை என்பதும் கலப்புப் பொருளின் நிறம் அன்று, படிகத்துக்குள் சிறைப்பட்ட எண்ணற்ற நுண்ணிய நீர்மக் குமிழ்கள் ஒளியைச் சிதறடிப்பதால் தோன்றுவது.) சாய்ந்த பெட்டி வடிவக் கல் 54.3 கிராம், ஒதுக்கிய நீர் 20.0 கிராம், ஒப்படர்த்தி 2.71, கால்சைட். தகடாகப் பிளந்த மென்மையான கல் 2.32 தந்தது, ஜிப்சத்திற்கு எதிர்பார்க்க வேண்டியதே அது. கையிலெடுத்ததுமே அளவுக்கு மீறிக் கனத்த வெள்ளைக் கல் ஒன்று 71.7 கிராமுக்கு 16.1 கிராம் நீரையே ஒதுக்கியது: 4.45. வெண்மையான, உலோக மிளிர்வற்ற, எளிதில் கிடைக்கும் கனிமங்களில் இத்தனை கனமானவை மிகச் சிலவே. தூய பாரைட்டின் 4.5-ஐ ஒட்டியே இந்த எண் நிற்கிறது. கால்சியத்தின் அணுநிறை 40 என்றால் பேரியத்தின் அணுநிறை 137. பாரைட்டின் கனத்துக்கு அதுவே காரணம். எண்ணெய்க் கிணறு தோண்டும்போது துளைக்குள் செலுத்தும் சேற்றுக் கரைசலைக் கனமாக்க பாரைட் தூளைக் கலப்பதும் இந்தக் குணத்தால்தான்.

இந்தச் சோதனைக்கும் எல்லைகள் உண்டு. தராசு 0.1 கிராமுக்குக் கீழே காட்டாது என்பதால், கல் சிறியதாக இருந்தால் விடை ஆடிப்போகும். 5 கிராம் எடையுள்ள குவார்ட்ஸ் துண்டு ஒதுக்கும் நீர் 1.9 கிராம்; அது 1.8 என்றோ 2.0 என்றோ காட்டினால் ஒப்படர்த்தி 2.8-க்கும் 2.5-க்கும் இடையே எதுவாகவும் ஆகலாம். அந்த இடைவெளிக்குள் குவார்ட்ஸ், கால்சைட், ஃபெல்ஸ்பார் மூன்றுமே அடங்கிவிடுகின்றன. 15 கிராமாவது நீரை ஒதுக்கும் கற்களின் எண்களையே நான் ஆதாரமாகக் கொண்டேன். கல்லில் ஒட்டிக்கொள்ளும் காற்றுக் குமிழ்கள் கொள்ளளவைக் கூட்டிக்காட்டும். நீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்புத் திரவத்தைக் கலந்து, கல்லைத் தூரிகையால் வருடிவிட்டால் அவை நீங்கும். நுண்துளையுள்ள கல்லுக்கும், வேறு பாறையோடு ஒட்டியிருக்கும் படிகத்துக்கும் இந்த முறை பொருந்தாது. இவையெல்லாம் சரியாக அமைந்தாலும், சோடியம் மிகுந்த ஃபெல்ஸ்பாரான அல்பைட்டின் ஒப்படர்த்தி 2.62, அதைக் குவார்ட்ஸிலிருந்து பிரித்தறிய எண்ணைவிடப் பிளவையே நம்ப வேண்டும். பொட்டாசியம் ஃபெல்ஸ்பார் சற்று இலேசானது. தட்டில் இருந்த ஒன்று 2.57 தந்தது, இரு பிளவுகளும் செங்கோணத்தில் தெளிவாகத் தெரிந்தன. அல்பைட்டை உள்ளடக்கிய பிளாஜியோகிளேஸ் வகையாக இருந்தால், ஒரு பிளவு முகத்தின் மேல் அளவுகோலால் இழுத்தது போன்ற நுண்ணிய இணைகோடுகளை லென்ஸில் காண வாய்ப்புண்டு. படிகம் திரும்பத் திரும்ப இரட்டித்து வளர்வதன் தடயம் அது.

கடினத்தன்மையை ஐயம் எஞ்சிய கற்களுக்கு மட்டும் சோதித்தேன். ஃபிரெடரிக் மோஸ் 1812-இல் வகுத்த பத்துப்படி அளவுகோலில் டால்க் 1, ஜிப்சம் 2, கால்சைட் 3, ஃபுளோரைட் 4, அபடைட் 5, ஆர்த்தோகிளேஸ் 6, குவார்ட்ஸ் 7, புஷ்பராகம் 8, குருந்தம் 9, வைரம் 10. இவை வரிசை எண்களே. 9-க்கும் 10-க்கும் இடையிலான உண்மையான தூரம், மற்ற எந்த இரு படிகளுக்கு இடையிலான தூரத்தைவிடவும் மிகப் பெரியது. விரல்நகம் ஏறத்தாழ 2.5, செம்பு 3-ஐ ஒட்டியது, கண்ணாடியும் சாதாரண எஃகு ஆணியும் 5.5-க்கு அருகில் என்று வைத்துக்கொண்டால் அன்றாட வேலைக்குப் போதும். கல்லின் மறைவான பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு இழுத்துப்பார்த்து, விரலால் துடைத்தபின் லென்ஸில் பார்க்க வேண்டும். துடைத்ததும் மறைவது கீறல் அன்று. மென்மையான பொருள் விட்டுச்சென்ற தூளே. இரும்பு ஆணியின் சாம்பல்நிறத் தடம் குவார்ட்ஸின் மேல் கீறலைப் போலவே தோற்றமளிக்கும். ஒரே கல்லில் திசைக்கேற்பக் கடினத்தன்மை மாறுவதும் உண்டு: கயனைட் படிகத்தை நெடுக்கில் ஆணி கீறும், குறுக்கில் கீறாது.

அமிலச் சோதனைக்கு வீட்டு வினிகரே போதுமானதாக இருந்தது. கால்சைட்டின் மேல் ஒரு சொட்டு விட்டு லென்ஸால் பார்த்தால், சிறு குமிழ்கள் மெல்ல எழுவது தெரியும். மூலையைச் சுரண்டி எடுத்த தூளில் விட்டால் கரியமில வாயு விரைந்து பொங்கும். கால்சைட் என்று எண்ணி ஒதுக்கியிருந்த கற்களுள் ஒன்று இந்த இடத்தில் தனித்து நின்றது. முழுக் கல்லின் மேல் விட்ட வினிகர் அசைவற்றுக் கிடந்தது. தூளாக்கி, வெதுவெதுப்பான வினிகரில் இட்டபோதுதான் குமிழ்கள் தயங்கித் தயங்கி வந்தன. அதன் ஒப்படர்த்தியை மீண்டும் அளந்தேன்: 58.2 கிராமுக்கு 20.5 கிராம் நீர், அதாவது 2.84. டோலமைட்டின் மதிப்பு 2.85. பிளவுக் கோணம் கால்சைட்டிலிருந்து ஒரு பாகை அளவே வேறுபடுவதால் என் அட்டைக் கருவியால் இவ்விரண்டையும் பிரித்திருக்க முடியாது. அமிலமும் தராசும் ஒருசேரச் சொன்னதால்தான் பெயர் உறுதியாயிற்று. சோதனை முடிந்ததும் கல்லை உடனே தண்ணீரில் கழுவிவிட வேண்டும், இல்லையேல் சொட்டு விழுந்த இடம் மங்கலாகிவிடும்.

சில கனிமங்கள் தம்மைத் தாமே காட்டிக்கொடுத்தன. தெளிந்த கால்சைட் துண்டை அச்செழுத்தின் மேல் வைத்தால் ஒவ்வொரு வரியும் இரண்டாகத் தெரியும்; துண்டைச் சுழற்றினால் ஒரு பிம்பம் நிலைத்து நிற்க, மற்றொன்று அதைச் சுற்றிவரும். டென்மார்க்கின் எராஸ்மஸ் பார்த்தோலின் இதை விவரித்ததும் ஸ்டெனோவின் அதே 1669-இல்தான். குவார்ட்ஸும் ஒளியை இரண்டாகப் பிரிக்கிறது. ஆனால் அதன் பிரிப்பு கால்சைட்டில் இருப்பதன் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே என்பதால் வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. முக்கோண மூலைகள் காட்டிய வெளிர் கல் புறஊதா ஒளியில் நீலமாக ஒளிர்ந்தது, ஒப்படர்த்தி 3.17. மூன்று சான்றுகளும் ஃபுளோரைட்டையே சுட்டின. ஒளிர்வதை மட்டும் கொண்டு பெயர் சூட்டுவது சரியன்று. கால்சைட்டும் ஜிப்சமும்கூட ஒளிர்வதுண்டு, ஒளிராத ஃபுளோரைட்டும் உண்டு. ஒளிர்வைத் துணைச் சான்றாக மட்டுமே கொள்ளலாம்.

மிகத் தெளிவாக, மிக அழகாக இருந்த ஒரு கட்டி கண்ணாடி என்று தெரியவந்தது. பிளவின்றிச் சிப்பி முறிவு காட்டியதால் குவார்ட்ஸ் குவியலில் இருந்த அது, உள்ளே உருண்டையான காற்றுக் குமிழ்களைக் கொண்டிருந்தது, ஒப்படர்த்தி 2.5, குவார்ட்ஸ் முனை அதை எளிதாகக் கீறியது. தொட்டுப்பார்த்தாலும் வேறுபாடு உண்டு: குவார்ட்ஸ் வெப்பத்தை விரைந்து கடத்துவதால் கன்னத்தில் வைத்தால் நெடுநேரம் குளிர்ந்திருக்கும், கண்ணாடி சீக்கிரமே உடல்சூட்டை ஏற்றுக்கொள்ளும். அந்தக் கட்டியை எறிந்துவிடவில்லை. ஒப்பிடுவதற்கு ஒரு கண்ணாடித் துண்டு எப்போதும் கைவசம் இருப்பது நல்லது.

பெயரிட முடியாமல் நின்றவை, சர்க்கரைத் தூளை அழுத்திவைத்தது போன்ற நுண்மணி வெள்ளைக் கற்கள். அவற்றின் ஒப்படர்த்தி 2.6-ஐ ஒட்டி வந்தது, கண்ணாடியைக் கீறின, வினிகருக்கு அசையவில்லை. ஆனால் லென்ஸில் பார்த்தால் சில மணிகள் பிளவோடு மின்னின, சில மின்னவில்லை. அப்படியானால் அது ஒரு கனிமம் அன்று, குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் கலந்த பாறை. பாறையின் ஒப்படர்த்தி அதிலுள்ள கனிமங்களின் சராசரியே என்பதால், அந்த எண் எந்தக் கனிமத்தையும் தனித்துச் சுட்டாது. இந்த இடத்தில் கனிமச் சோதனைகளை நிறுத்திக்கொண்டு, மணிகளின் பருமன், அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருக்கும் விதம், அடுக்கு ஏதும் தெரிகிறதா என்பனவற்றைக் குறிப்பதே முறை.

எந்தக் கல்லையும் பெயருக்காக நான் உடைக்கவில்லை. இருந்த முறிவுகளே போதுமானவையாக இருந்தன. உடைத்தே ஆகவேண்டுமெனில் கண்ணாடிக் கவசம் அணிந்து, கல்லை ஈரத்துணியில் சுற்றித் தட்ட வேண்டும். குவார்ட்ஸின் நுண்தூளைத் தொடர்ந்து சுவாசித்தால் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய் உண்டாகும். உப்பா என்றறிய நாவால் தொட்டுப்பார்ப்பதையும் தவிர்ப்பது நல்லது. ஈயமும் ஆர்செனிக்கும் கொண்ட கனிமங்கள் அரியவை அல்ல, அவற்றுள் வெள்ளையானவையும் உண்டு. முன்சொன்ன நீர்ச்சொட்டுச் சோதனையே ஹேலைட்டைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பெயர் கண்ட ஒவ்வொரு கல்லின் அடியிலும் வெள்ளை அக்ரிலிக் வண்ணத்தால் ஒரு சிறு பட்டை தீட்டி, உலர்ந்தபின் கறுப்பு மையால் எண்ணிட்டு, அதே எண்ணில் ஒரு பதிவேட்டுப் பக்கத்தைத் தொடங்கினேன். பக்கத்தில் பெயர் மட்டுமன்றி எடை, ஒதுக்கிய நீர், பிளவுக் கோணம், வினிகரின் விளைவு ஆகியவையும் இருக்கின்றன. பின்னாளில் யாரேனும் பெயரை மறுத்தால் சான்றுகள் அங்கேயே கிடைக்கும். கிடைத்த இடம் என்ற கட்டம் மட்டும் இந்தத் தட்டு முழுவதற்கும் வெறுமையாகவே உள்ளது. பெயரைச் சோதித்து மீட்டுவிடலாம், இடத்தை மீட்க எந்தச் சோதனையும் இல்லை. கனிமச் சேகரிப்பில் சீட்டை இழந்த கல் தன் மதிப்பில் பெரும்பகுதியை இழப்பது இதனால்தான். நானே எடுக்கும் கற்களுக்கு, எடுத்த இடத்திலேயே தாளில் எழுதி அதைக் கல்லோடு சேர்த்துச் சுற்றிவிடுகிறேன்.

ஜிப்சம் தகடுகளை மற்றவற்றோடு உரசாதபடி தனிப் பெட்டியிலும், ஃபுளோரைட்டை வெயில் படாத இழுப்பறையிலும் வைத்தேன். நெடுநாள் ஒளிபட்டால் சில ஃபுளோரைட்டுகள் வெளிறிவிடும். நுண்மணி வெள்ளைப் பாறைகளின் சீட்டில் இப்போதைக்கு ‘குவார்ட்ஸ்–ஃபெல்ஸ்பார் பாறை, வகை உறுதியாகவில்லை’ என்று எழுதியிருக்கிறேன். அதற்குமேல் சொல்ல வேண்டுமானால், கல்லிலிருந்து ஒரு சீவலை வெட்டி, 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, முனைவாக்க நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்; அதற்கான தேய்ப்புத் தகட்டையும் கார்பொரண்டம் தூளையும் சேகரித்து வருகிறேன்.